தொப்புளில் வைத்து அளக்கவும்

இலோய்லோ, ஜூன் 9

திரு. ரொமுலோ அவர்களுக்கு,

பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தியவள் இப்படியா கடிதத்தைத் தொடங்குவாள் என்று கேட்பாய். இப்படித்தான் தொடங்குவாள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பதினாறு முறை வீடியோவில் அழைத்திருக்கிறாய். நான் எடுக்கவில்லை, இனியும் எடுக்கப் போவதில்லை. சொல்ல வேண்டியது இருந்தால் எழுது. எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து யாரும் சிரிக்க முடியாது.

ஜும்பா வகுப்பின் மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு உனக்குக் காட்டத்தான் அன்று கூப்பிட்டேன். நீ என்ன செய்தாய்? போனைக் கப்பல் மெஸ் மேஜையில் சாஸ் பாட்டிலுக்குச் சாய்த்து வைத்துவிட்டு, எட்டு ஆண்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, "என்ன ஜோவி, மூணு மாசமா குதிக்கிறே, அப்படியே இருக்கே? அரிசி மூட்டைக்கு மஞ்சச் சட்டை மாட்டின மாதிரி"ன்னு சொன்னாய். எட்டுப் பேரும் சிரித்தார்கள். ஒருவர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அவர் பெயர் எனக்குத் தெரியாது, ஆனால் அந்தக் கையை மறக்க மாட்டேன்.

அப்படியே இல்லை, ரொமுலோ. வாரத்தில் ஐந்து நாள், காலை ஐந்து மணிக்குக் கூடைப்பந்து மைதானத்தில், முழுசாக ஒரு மணி நேரம் ஜும்பா ஆடுகிறேன். மூச்சு வாங்கும், ஆனால் பாட்டுக்கு வாயசைக்க முடியும், அந்த அளவுக்கு. மார்ச்சில் தொண்ணூற்று நாலு சென்டிமீட்டர் இருந்த இடுப்பு இப்போது எண்பத்தொன்பது. நம்பாவிட்டால் இந்த நாடாவைப் பார். என் இடுப்பைச் சுற்றி வெட்டியது.

உன் கம்பெனியின் சுற்றறிக்கை வீட்டுக்கும் வந்தது. வயிறு நூறு சென்டிமீட்டரைத் தாண்டினால் டிசம்பர் மருத்துவச் சோதனையில் அடுத்த கப்பல் கிடையாதாம். உன் நாடாவை நீ அனுப்பு. யார் மூட்டை என்று பார்க்கலாம்.

உங்கள் கப்பலில் ஏறும் எலக்ட்ரீஷியனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

ஜோவெலின்

•

சிங்கப்பூர் வெளித்துறைமுகம், ஜூலை 2

ஜோவி,

எலக்ட்ரீஷியன் என் கையில் கடிதத்தைக் கொடுக்கும்போதே முகத்தைத் திருப்பிக்கொண்டார். தெருவெல்லாம் சொல்லிவிட்டாயா?

அது ஒரு வேடிக்கை. கப்பலில் எட்டுப் பேர் சேர்ந்து உட்கார்ந்தால் எதற்காவது சிரிக்கத்தான் செய்வார்கள். போன வாரம் தலைமை இன்ஜினியரின் வழுக்கையைப் பார்த்துச் சிரித்தோம். அவர் கடிதமா எழுதினார்?

உன் ஒரு மணி நேரத்தைப் பற்றி எனக்குத் தெரியாதா? விடுமுறையின் கடைசி நாட்களில் வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். ஸ்பீக்கர் வேலை செய்வதற்கு இருபது நிமிடம், போட்டோவுக்குப் பத்து நிமிடம். முடிந்ததும் நேராக அரிசி மாவுப் பிபிங்கா சுடுகிற கடை. கரைத்ததையெல்லாம் தேங்காயும் வெண்ணெயும் போட்டு அங்கேயே திரும்ப ஏற்றிக்கொண்டு வருகிறீர்கள்.

என் வழியைக் கேள். எஞ்சின் அறையின் அடியிலிருந்து மேல்தளம் வரை ஆறு அடுக்கு இரும்புப் படி. கீழிருந்து ஒரே மூச்சில் மேலே ஓடுவேன், மெல்ல இறங்குவேன். பத்து முறை. இருபதே நிமிடம். ஜிம்மில் இருக்கிற ஓட்டப் பயிற்சி இயந்திரத்தின் முகப்பில், மெதுவாகப் போனால்தான் கொழுப்பு கரையும் என்று ஒரு படம் போட்டிருக்கிறது. அதை நம்பி மூன்று வாரம் நடந்தேன், டிவி பார்த்ததுதான் மிச்சம். மெதுவாக நடந்தால் உடம்பு எரிப்பதில் பெரும்பங்கு கொழுப்பு என்பது சரிதான். ஆனால் எரிப்பதே கொஞ்சமாயிற்றே. எஞ்சினை நிதானமாக ஓட்டினால் எண்ணெய் செலவாகுமா? இருபத்திரண்டு வருஷமாக எஞ்சின் அறையில் ஃபிட்டராக இருப்பவனுக்கு இது தெரியாதா?

நாடா அனுப்பியிருக்கிறேன். தொண்ணூற்றாறு. நூற்றுக்குக் கீழே இப்போதே வந்தாயிற்று.

பந்தயம் வைத்துக்கொள்வோம். டிசம்பருக்குள் என் இடுப்பு அதிகம் குறைந்தால், நீ வீடியோவில் வந்து எட்டுப் பேர் முன்னால் என் வழிதான் சரி என்று சொல்ல வேண்டும். உன்னுடையது அதிகம் குறைந்தால் அதே எட்டுப் பேர் முன்னால் நான் மன்னிப்புக் கேட்கிறேன்.

ரொமுலோ

•

இலோய்லோ, ஜூலை 27

ரொமுலோ,

மன்னிப்பு என்பது பந்தயத்தில் ஜெயித்தால் கிடைக்கிற பரிசா? இதைப் படித்ததும் தைத்துக்கொண்டிருந்த பள்ளிச் சீருடையில் கையைக் கழுத்தோடு சேர்த்துத் தைத்துவிட்டேன்.

பிபிங்கா விஷயம் பாதி உண்மை. கோபத்தில் மறுநாளே வகுப்பில் சொல்லிவிட்டேன்: இனி ஆடி முடித்ததும் யாரும் கடைப்பக்கம் போகக் கூடாது. கடைக்கார அம்மா என்னோடு பேசுவதில்லை. அதுவும் உன்னால்தான்.

உன்னைக் குண்டாக்கியது யார் என்று எழுதட்டுமா? போன விடுமுறையில் மூன்று மாதத்தில் நாலு முழுப் பன்றி சுட்டோம். கப்பல்காரன் வந்திருக்கிறான் என்று தெருவே வந்து உட்கார்ந்தது. யாரையும் வேண்டாம் என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லை. ஒவ்வொருவரோடும் ஒரு தட்டு நீயும் சாப்பிட்டாய்.

இப்போது நாடாவுக்கு வருகிறேன். தொண்ணூற்றாறாம். மார்ச்சில் நீ கிளம்பும் முன் உனக்கு இரண்டு வேலை அங்கி தைத்தவள் நான். அளவுப் புத்தகத்தில் வயிறு நூற்றுப் பன்னிரண்டு என்று என் கையெழுத்தில் இருக்கிறது. இருபது நிமிடப் படியில் நாலு மாதத்துக்குள் பதினாறு சென்டிமீட்டர் போய்விட்டதா? யார் காதில் பூச்சுற்றுகிறாய்?

அலமாரியைத் திறந்து உன் பழைய கால்சட்டையை எடுத்தேன். இடுப்புப் பட்டியில் உன் நாடாவை வைத்தேன். அச்சாகப் பொருந்தியது. புரிந்துவிட்டது. நீ கால்சட்டை நிற்கிற இடத்தில் அளந்திருக்கிறாய். வயிற்றுக்குக் கீழே. என் கடைக்கு வருகிற ஆண்கள் எல்லாரும் இதையேதான் செய்கிறார்கள். வயிறு வளர வளரக் கால்சட்டை கீழே இறங்கும், அளவு மட்டும் இருபது வயதில் இருந்ததுதான் என்பார்கள்.

மணிலாவில் நர்ஸ் கால்சட்டையை அளக்க மாட்டார். தொப்புளில் வைத்து அளப்பார். என் அளவு நாடா ஒன்றை வைத்திருக்கிறேன். நேராக நின்று, மூச்சை வெளியே விட்டு, வயிற்றை எக்காமல், தொப்புளில் வைத்து அள. வேறு ஒருவரைப் பிடிக்கச் சொல். உன்னை நீயே அளந்தால் நீ உனக்கே பொய் சொல்வாய்.

ஜோவெலின்

•

கடலில், ஆகஸ்ட் 21

ஜோவெலின்,

உன் கடிதம் வந்து மூன்று நாள் நான் நாடாவைத் தொடவில்லை. ஏமாற்றுக்காரன் என்று எழுதியிருக்கிறாய். என் வாழ்க்கையில் ஒருவரையும் ஏமாற்றியதில்லை. என் இடுப்பு எங்கே இருக்கிறது என்று நான் நினைத்தேனோ அங்கே அளந்தேன், அவ்வளவுதான்.

நாலாவது நாள் கதவைச் சாத்திக்கொண்டு தொப்புளில் வைத்துப் பார்த்தேன். நூற்றுப் பதினொன்று.

எழுத வெட்கமாக இருக்கிறது. நாலு மாதமாகப் படியில் ஓடி ஒரே ஒரு சென்டிமீட்டர். ஓடி முடித்ததும், இன்று பாடுபட்டோமே என்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். மிச்ச நேரம் கால் வலி என்று படுத்தே கிடந்தேன். உன்னைப் பிபிங்கா என்று கிண்டல் செய்தவன் நான்.

இது விளையாட்டில்லை, ஜோவி. எனக்கு நாற்பத்தாறு வயது. ஒரு வருஷம் கரையில் உட்கார்ந்தால் எந்தக் கம்பெனியும் திரும்பக் கூப்பிடாது, பின்னாலேயே இளவட்டங்கள் வரிசையில் நிற்கிறார்கள். எனக்கு வேறு என்ன வேலை தெரியும்? ஊரில் டிரைசைக்கிளுக்கு டயர் ஒட்டவா? டிசம்பரில் நாடா நூற்றுக்கு மேலே போனால் நான் கப்பல்காரன் இல்லை.

அதனால் இரண்டு மடங்கு செய்யப் போகிறேன். காலையில் பதினைந்து முறை, வேலை முடிந்ததும் பதினைந்து முறை. ராத்திரிச் சோறு கிடையாது. தீவிரம்தான் ஒரே வழி.

ஒப்பந்தம் முடிந்து இறங்கும் நெஸ்தர், எஞ்சினுக்கு எண்ணெய் போடும் ஆயிலர், இதைக் கொண்டுவருவார்.

ரொமுலோ

•

இலோய்லோ, செப்டம்பர் 16

ரொமுலோ,

நெஸ்தர் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, "அண்ணனுக்கு இப்ப தாடை பரவாயில்லையா அக்கா?"ன்னு கேட்டார்.

எந்தத் தாடை?

நான் விழித்ததைப் பார்த்ததும் அவர் கிளம்பப் பார்த்தார். விடவில்லை. உட்காரவைத்துக் கேட்டேன். இந்தக் கடிதத்தைக் கொடுத்த பிறகு, நெஸ்தர் இறங்குவதற்கு இரண்டு நாள் முன்னால், நாலாவது அடுக்கில் கண் இருண்டு விழுந்திருக்கிறாய். பகல் முழுக்க அந்தச் சூட்டில் வேலை பார்த்துவிட்டு, வயிற்றில் ஒன்றும் இல்லாமல், பதின்மூன்றாம் முறை ஓடியிருக்கிறாய். தாடையில் ஐந்து தையல். "வீட்ல சொல்லிடாதே" என்று நெஸ்தரிடம் கெஞ்சியிருக்கிறாய். இரும்புப் படி, ரொமுலோ. இன்னும் ஒரு கை தள்ளி விழுந்திருந்தால் தாடையோடு போயிருக்காது. உன் சவப்பெட்டியை வாங்க நான் மணிலாவுக்குப் போயிருக்க வேண்டும்.

எனக்கு வந்த கோபத்தில் கடையைச் சாத்திவிட்டு நேராகச் சுகாதார நிலையத்துக்குப் போய் நர்ஸ் லோர்னா அக்காவைக் கேட்டேன். எது சரி, அவன் வழியா, என் வழியா? அவர் சிரிக்கவில்லை. "எது உசத்தின்னு ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க. மொத்தமா எவ்வளவு வேலை செஞ்சீங்க, தட்டுல எவ்வளவு விழுந்துச்சு, அதைப் பொறுத்துதான். வேகமா செஞ்சா நேரம் மிச்சம். நிதானமா செஞ்சா நாளைக்கும் செய்யலாம். நாளைக்குச் செய்ய முடியாத எதுவும் வேண்டாம்" என்றார். வேகம் வேண்டுமானால் வாரத்துக்கு இரண்டு நாள், அதுவும் பழகிய பிறகு, சாப்பிட்ட உடம்பில், வெயிலும் சூடும் இல்லாத இடத்தில்.

ஒன்று ஒப்புக்கொள்கிறேன், சொல்லாவிட்டால் எனக்கும் உனக்கும் வித்தியாசம் இல்லை. உன் வழியை நானும் செய்து பார்த்தேன். கடற்கரைச் சுவர்ப் படியில் இரண்டு நாள் காலை ஓடினேன். மூன்று நாள் தையல் மிஷினின் மிதியை மிதிக்க முடியவில்லை. பிறகு வகுப்பில் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே நாலு வேகப் பாட்டு சேர்த்தேன், செவ்வாயும் வெள்ளியும் மட்டும். இடுப்பு இன்னும் இரண்டு சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது. உன் வழி பொய்யில்லை. நீ அதைச் செய்கிற விதம்தான் பைத்தியக்காரத்தனம்.

அன்று நான் ஏன் கூப்பிட்டேன் என்று இதுவரை நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். அன்று காலைதான் நாற்பது பெண்கள் கைதூக்கி என்னை ஜும்பா வகுப்பின் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தச் சட்டையின் முதுகில் என் பெயரை அன்றே தைத்துப் போட்டிருந்தேன். திரும்பிக் காட்டுவதற்குள் நீ சொல்லிவிட்டாய், அவர்கள் சிரித்துவிட்டார்கள். நீதான் முதலில் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதுதான் எனக்கு ஆறவில்லை.

ஜோவெலின்

•

கடலில், அக்டோபர் 10

ஜோவி,

உன் கடிதத்தை மெஸ்ஸில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். ஞாயிறு மதியம், எட்டுப் பேரும் இருந்தார்கள். நெஸ்தரின் இடத்துக்கு வந்த புது ஆயிலர் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்தார், அவருக்கும் கதையைச் சொன்னேன். முதுகில் உன் பெயர் இருந்தது என்ற இடம் வந்ததும் கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டேன். சமையல்காரர் பெபோட் வாங்கி மிச்சத்தைப் படித்தார். மேஜையைத் தட்டியது அவர்தான்.

பிறகு நான் எழுந்து நின்று சட்டையைத் தூக்கினேன். பெபோட்டிடம் உன் நாடாவைக் கொடுத்து அளக்கச் சொன்னேன், தொப்புளில் வைத்து. "நூத்தி எட்டு" என்று உரக்கச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று நின்றேன். உள்ளுக்குள் எரிந்தது. அப்போதுதான் தெரிந்தது, ஜோவி. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அதற்கே எனக்கு அப்படி எரிந்தது.

மன்னிச்சுடு. பந்தயம் கிந்தயம் ஒன்றும் இல்லை. நான் செய்தது கேவலம்.

இப்போது சாயங்காலம் ஒரு மணி நேரம் மேல்தளத்தில் நடக்கிறேன். முன்முனையிலிருந்து பின்முனைக்கு, காற்றில். செவ்வாய், வெள்ளி மட்டும் படி, ஆறே முறை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து. சோறு ஒரு தட்டு. ஞாயிற்றுக்கிழமை பன்றி சுடும்போது வாசனை வராத பக்கமாகப் போய் நிற்கிறேன்.

போனை எடுப்பாயா?

ரொமுலோ

•

இலோய்லோ, நவம்பர் 4

ரொமுலோ,

எடுக்க மாட்டேன். கோபம் பாதி போய்விட்டது, அது வேறு. எழுதும்போதுதான் நீ உண்மை சொல்கிறாய். போனில் என்றைக்காவது இப்படிப் பேசியிருக்கிறாயா?

என் நாடா இதோடு இருக்கிறது. எண்பத்தைந்து. இன்னொரு நாடாவும் இருக்கிறது, சிவப்பில். அது சரியாக நூறு. கட்டிலுக்கு மேலே தொங்கவிடு.

ஜோவி

•

மணிலா, டிசம்பர் 5

ஜோவி,

நூற்றிரண்டு.

இரண்டு சென்டிமீட்டர். உன் சுண்டு விரலும் மோதிர விரலும் சேர்ந்தால் அவ்வளவுதான் இருக்கும். அந்த நர்ஸ் தொப்புளில்தான் வைத்தார், நீ சொன்னது போலவே. மூச்சை விட்டேன். எக்கவில்லை. இரண்டாம் முறை அளக்கச் சொன்னேன். அதேதான்.

பத்து சென்டிமீட்டர் குறைத்துவிட்டு வந்தவனிடம், "அடுத்த கப்பலுக்கு ஒப்புதல் இல்லை" என்று ஒரு சின்னப் பெண் முத்திரை குத்துகிறாள். எனக்கு முன்னால் நின்றவன் ஒரு நாளைக்கு இரண்டு பாக்கெட் சிகரெட் ஊதுகிறவன், இருமி இருமிப் பேசுகிறான், குச்சி மாதிரி இருக்கிறான், அவனுக்கு ஒப்புதல். கண்ணைக் கட்டிவிட்டாலும் நான் ஒரு பம்பைக் கழற்றி மாட்டுவேன். அதை அளக்க அவர்களிடம் நாடா இருக்கிறதா? என் இருபத்திரண்டு வருஷத்தை எந்த இடத்தில் வைத்து அளப்பார்கள்?

ஜனவரி ஆறாம் தேதி மறு அளவு. அதுதான் கடைசி. நான் ஊருக்கு வரவில்லை. விடுதியில் ஐந்து மாடி இருக்கிறது. ஒரு மாதம் சோற்றைத் தொடாமல், காலையும் மாலையும் படியில் ஓடிவிடுகிறேன். கிறிஸ்துமஸ் அடுத்த வருஷமும் வரும்.

ரொமுலோ

•

இலோய்லோ, டிசம்பர் 8

ரொமுலோ,

வராது. தாடை கிழிந்தவனுக்கு அடுத்த வருஷம் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. நீ சொன்ன அந்த ஐந்து மாடியில் ஒரு படிகூட ஓடக் கூடாது. ஓடினாய் என்று தெரிந்தால் ஜனவரியில் கப்பல் கிடைத்தாலும் வீடு கிடைக்காது.

அந்தப் பெண் மேல் எனக்கும் கோபம்தான். முத்திரை குத்துகிறவர்களை ஒரு நாள் உன் எஞ்சின் அறையில் நிறுத்த வேண்டும். ஆனால் நர்ஸின் நாடா சரியான இடத்தில் இருந்தது. இரண்டு சென்டிமீட்டரை நாலு வாரத்தில் குறைக்கலாம், உயிரை விடாமல் குறைக்கலாம். மூன்று மாதத்தில் ஒன்பது குறைத்தவன்தானே நீ.

வெள்ளிக்கிழமைக் கப்பலுக்குச் சீட்டு எடு. இந்தத் தடவை பன்றி கிடையாது. தெரு வந்து உட்கார்ந்தால் நீயே வாயைத் திறந்து, "இந்த வருஷம் இல்லைங்க" என்று சொல்ல வேண்டும். நான் உனக்காகச் சொல்ல மாட்டேன்.

திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு மைதானம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய விடியல் பூசை தொடங்கினால் பூசை முடிந்து, ஆனால் ஒரு நாளும் தவறக் கூடாது. ஒரு மணி நேரம், செவ்வாயும் வெள்ளியும் நாலு வேகப் பாட்டு. நாற்பது பெண்கள் இருப்பார்கள், ஆண் நீ ஒருவன்தான். பின்வரிசையில் நிற்கலாம் என்று பார்க்காதே. முன்வரிசை. எட்டுப் பேர் முன்னால் நான் நின்றேன், நாற்பது பேர் முன்னால் நீ நில். அவர்கள் சிரிப்பார்கள். சத்தியமாகச் சிரிப்பார்கள், நான் தடுக்க மாட்டேன்.

உனக்கும் ஒரு மஞ்சள் சட்டை தைத்து வைத்திருக்கிறேன். நூற்றிரண்டு அளவுக்கு. பிடித்துத் தைப்பதற்கு இரண்டு பக்கமும் துணி விட்டிருக்கிறேன்.

ஜோவி

•

கடலில், பிப்ரவரி 11

ஜோவி,

புதுக் கப்பலில் ஓட்டப் பயிற்சி இயந்திரம் பழுது. நானே சரிசெய்துவிட்டேன். ஆனாலும் தளத்தில்தான் நடக்கிறேன். உன் சிவப்பு நாடா கட்டிலுக்கு மேலே இருக்கிறது. நேற்றுத் தொப்புளில் வைத்துப் பார்த்தேன், ஜனவரி ஆறாம் தேதி அந்த நர்ஸ் சொன்ன அதே தொண்ணூற்றொன்பதுதான். ஏறவில்லை.

இதை உனக்கு எழுதாமல் தூக்கம் வராது. இங்கே மெஸ்ஸில் இப்போது ஏழு பேர். இரண்டாம் ஃபிட்டர் ஒருவன், முப்பது வயது இருக்கும், கால்சட்டை வயிற்றுக்குக் கீழே நிற்கிறது. முந்தாநாள் சாப்பாட்டு நேரத்தில் அவன் பெண்டாட்டி வீடியோவில் வந்தாள். போனை மேஜையில் நிறுத்தி வைத்திருந்தான். அவள் ஏதோ புதுச் சட்டை போட்டிருந்தாள். இவன் அவளைப் பார்த்து ஒன்று சொன்னான். என்ன சொன்னான் என்று எழுத மாட்டேன், உனக்குத் தெரியும். மேஜையே சிரித்தது. அவள் முகம் எப்படிப் போயிற்று என்று பார்த்தேன். அன்று உன் முகத்தை நான் பார்க்கவே இல்லையே, ஜோவி. சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் நாற்காலி சரிந்தது. எழுந்து போய்ப் போனை என் பக்கம் திருப்பினேன்.

"தங்கச்சி, கட் பண்ணாதேம்மா. சட்டை ரொம்ப நல்லா இருக்கு, கொஞ்சம் திரும்பிக் காட்டு, முதுகுப் பக்கமும் பாக்கணும். உன் வீட்டுக்காரன் இடுப்ப நான் இப்பவே அளந்து உனக்கு அனுப்பறேன். தொப்புள்ல வெச்சு."

ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் மெல்லத் திரும்பிக் காட்டினாள்.

ரொமுலோ